போல்ட் தாங்கும், மரம் பிளக்கும்: குளுலாம் மூட்டுகளுக்கு வலுவூட்டுவது எப்படி?

2022 ஆகஸ்ட் 15 காலை, நார்வேயின் டிரெட்டன் என்ற ஊரில் ஒரு பாலம் அப்படியே ஆற்றில் விழுந்தது. 148 மீட்டர் நீளம். திறந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. பலகைகளை ஒட்டிச் செய்த குளுலாம் மரமும் எஃகும் சேர்ந்த டிரஸ் பாலம் அது. டிரஸ் என்றால் கட்டைகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம். விழுந்த நேரத்தில் மேலே ஒரு லாரியும் ஒரு காரும் இருந்தன. ஓட்டுநர்கள் இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விசாரணை கைகாட்டிய இடம் ஒரு மூட்டு. சாய்வுக் கட்டை ஒன்றின் முனையில், எஃகுத் தகடும் எஃகு முளைகளும் (தலையும் நட்டும் இல்லாத உருண்டைக் கம்பிகள்) செருகப்பட்டிருந்த இடத்தில், மரத்தின் ஒரு பகுதி கட்டியாகப் பெயர்ந்து வந்துவிட்டது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், அதே நாட்டில் பெர்கோலோ பாலம் லாரி ஒன்று கடக்கும்போது விழுந்தது. அங்கும் ஒரு மூட்டின் தாங்குதிறன் தேவைக்குக் குறைவாக இருந்தது. 2003 ஜனவரியில் டென்மார்க்கின் பாலெருப்பில், 70 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரண்டு குளுலாம் டிரஸ்கள் பெருங்காற்றோ கனத்த பனியோ இல்லாத ஒரு நாளில் விளையாட்டு அரங்கின் கூரையிலிருந்து இறங்கிவிட்டன. தாங்கும் முனைக்கு அருகிலிருந்த இணைப்பில், துளைகளும் தகடுக்கான பிளவும் போக எஞ்சிய மரத்தின் வலிமையைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றிலும் கட்டையின் நடுப்பகுதி முறியவில்லை. மூட்டுதான் போனது. மரக் கட்டமைப்பைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் உத்தரத்தின் பருமனைப் பார்ப்பதற்கு முன் மூட்டைப் பார்க்கப் பழக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கட்டுரை அந்த மூட்டுகளில் மிகப் பழக்கமான ஒன்றைப் பற்றியது: போல்ட் போட்ட மூட்டு.

முதலில் மரம்

குளுலாம் என்பது சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள பலகைகளை ஒரே திசையில் அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யும் பெரிய கட்டை. சி.எல்.டி. என்பது பலகை அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டிய தடித்த பலகம். எல்.வி.எல். மெல்லிய உரிதகடுகளால் ஆனது. பெரும்பாலும் எல்லா உரிதகடுகளும் ஒரே திசையில் இருக்கும். சில வகைகளில் இடையிடையே குறுக்குத் தகடுகளும் உண்டு. இவற்றைப் பொதுவாகப் பொறியியல் மரம் என்கிறோம். கணுக்கள், வெடிப்புகள் போன்ற இயற்கைக் குறைகள் பல அடுக்குகளில் சிதறிப்போவதால், இந்தக் கட்டைகளின் வலிமை ஒன்றுக்கொன்று அதிகம் மாறுபடாமல் நம்பத்தக்கதாக இருக்கும்.

ஆனால் ஒட்டுவதால் மாறாத ஒன்று உண்டு. மரத்துக்கு நார் உண்டு. நாரின் போக்கில் அது பலசாலி, நாருக்குக் குறுக்கே மிகப் பலவீனமானது. ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் ஜி.எல். 24 ஹெச் தரக் குளுலாமை எடுத்துக்கொள்வோம். நாரின் போக்கில் இழுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 19.2 நியூட்டன் தாங்கும் என்று தரவிதி சொல்கிறது. நாருக்குக் குறுக்கே இழுத்தால்? 0.5 நியூட்டன்தான். ஏறத்தாழ 38-இல் ஒரு பங்கு. விறகு பிளக்கிறவர் கட்டையைக் குறுக்கே வெட்டி மல்லுக்கட்டுவதில்லை. நிறுத்திவைத்து நாரின் போக்கில் கோடாரியை இறக்கினால் ஒரே அடியில் இரண்டாகிறது. போல்ட் மூட்டில் நடப்பதும் அதே செயல்தான். கோடாரியின் இடத்தில் போல்ட் இருக்கிறது.

போல்ட் என்ன செய்கிறது

ஒரு குளுலாம் கட்டையின் முனையில் நடுவே பிளந்து எஃகுத் தகடு செருகி, குறுக்கே போல்ட் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையை இழுத்தால் போல்ட் தன் துளையின் ஒரு பக்கத்தில் மரத்தை அழுத்தும். அந்த அழுத்தத்தில் இரண்டு நல்ல விஷயங்கள் நடக்கலாம். போல்ட்டுக்கு அடியிலுள்ள மரம் மெல்ல நசுங்கலாம். அல்லது போல்ட்டே வளையலாம். இரண்டும் மெதுவாக நடப்பவை. மூட்டு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சுமையை விடாது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்சென் 1949-இல் இந்த நசுங்கலையும் வளைவையும் சேர்த்து ஒரு கணக்கு முறை வகுத்தார். மரக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய வடிவமைப்பு விதிகளான இன்றைய யூரோகோடு 5-இன் அடித்தளம் அதுதான்.

அந்தக் கணக்கு ஓர் எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது: நசுங்கலும் வளைவும் முழுதாக நடந்து முடியும்வரை மரம் பிளக்காமல் இருக்க வேண்டும். உருண்டையான போல்ட் மரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் விலக்குகிறது. அந்த விலக்கும் விசை நாருக்குக் குறுக்கே செயல்படுகிறது. அங்கேதான் மரத்திடம் அந்த 0.5 நியூட்டன் மட்டுமே இருக்கிறது. போல்ட்டுக்கு முன்னால் ஒரு கீறல் தொடங்கி நாரின் போக்கில் ஓடுகிறது. சில சமயம் போல்ட் வரிசையின் இரு பக்கமும் மரம் சறுக்கி ஒரு துண்டாக வெளியே வரும். சில சமயம் போல்ட் கூட்டம் முழுவதையும் சுற்றி ஒரு கட்டியே பெயரும். டிரெட்டனில் நடந்தது இந்த வகை. இவை எல்லாம் முன்னறிவிப்பில்லாமல் நொடியில் முடிந்துவிடும்.

இதனால் போல்ட்களை ஒரே வரிசையில் அடுக்கும்போது ஒரு நட்டம் வருகிறது. முன்னால் தொடங்கிய கீறல் பின்னால் உள்ள போல்ட் வரை ஓடிவிடுவதாலும், சுமை எல்லாப் போல்ட்களுக்கும் சமமாகப் போகாததாலும், நான்கு போல்ட் போட்டால் நான்கின் பலன் கிடைக்காது. யூரோகோடு 5 இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. விட்டத்தைப் போல 5 மடங்கு இடைவெளியில் நான்கு போல்ட்கள் நாரின் போக்கில் நின்றால், கணக்கில் அவற்றின் மதிப்பு 2.74 போல்ட்தான். ஆறு போட்டால் சுமார் 3.95. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காசு வீண்.

இடைவெளியைக் கூட்டினால் தீராதா? தீரும், ஆனால் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 20 மி.மீ. போல்ட்கள் நான்குக்கும் முழு மதிப்பு வேண்டுமென்றால் அதே சூத்திரப்படி ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 450 மி.மீ. விட வேண்டும். வரிசை மட்டும் 1.35 மீட்டர் நீளும். எஃகுத் தகடும் அதே அளவுக்கு நீளும். யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள்.

வலுவூட்டலுக்கு முன் ஒழுங்கு

கூடுதல் பொருள் எதையும் சேர்க்காமலே சரிசெய்யக்கூடியவை சில உண்டு. இவற்றைச் செய்யாமல் வலுவூட்டலுக்குப் போவது தவறான வரிசை.

இழுவிசை வரும் முனையில், கடைசிப் போல்ட்டுக்கும் கட்டையின் நுனிக்கும் இடையே விட்டத்தின் 7 மடங்கு தூரம் வேண்டும். எப்படியும் 80 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மரத்தில் போடும் துளை போல்ட்டின் விட்டத்தைவிட 1 மி.மீ.க்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிதானால் ஒரு போல்ட் முதலில் சுமையை எடுக்கும், மற்றவை காத்திருக்கும். எடுத்தது பிளந்தபின் அடுத்தது. வாஷரின் விட்டம் போல்ட்டின் 3 மடங்கு, தடிமன் 0.3 மடங்காவது இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எஃகு வேலை வாஷர் இதற்குப் போதாது. அது மரத்துக்குள் அமுங்கிவிடும்.

இன்னொன்றை நான் எப்போதும் வலியுறுத்துவேன்: தடித்த போல்ட் சிலவற்றைவிட மெல்லிய போல்ட்களோ முளைகளோ பல இருப்பது மேல். 24 மி.மீ. போல்ட் தடிமன் குறைந்த கட்டையில் வளையவே வளையாது. அதன் விறைப்பு முழுவதும் மரத்தைப் பிளப்பதில் போகும். 12 மி.மீ. முளை அதே கட்டையில் வளைந்துகொடுக்கும், எச்சரிக்கையும் தரும். பார்வைக்குத் தடித்த போல்ட் பலமானதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது.

முழுமரை ஸ்க்ரூ

இப்போது மையமான விஷயம். கீறல் நாரின் போக்கில் ஓடுகிறது. திறப்பதோ நாருக்குக் குறுக்கே. ஆகவே அந்தக் குறுக்குத் திசையில் இழுவிசையைத் தாங்கக்கூடிய ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் இதற்கு மிகவும் வசதியான வழியாக நிலைத்தது, தலையிலிருந்து நுனிவரை மரை ஓடும் நீளமான செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ, அதாவது மரத்தில் தானே மரைவழி வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ. கடினப்படுத்திய எஃகால் ஆனது. உத்தரத்தின் மேல் அல்லது கீழ் விளிம்பிலிருந்து, நாருக்கும் போல்ட்டுக்கும் செங்குத்தாக இறக்குவார்கள். கீறல் வரக்கூடிய தளத்தை அது குறுக்காகக் கடந்து, இருபுறமும் மரையால் மரத்தைப் பற்றிக்கொள்ளும். கட்டிமுடித்தபின் வெளியே தெரிவது ஒரு சின்னத் தலை மட்டும்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ருவே பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் யோவாகிம் பிளாஸ், இரெனியூஷ் பெய்ட்கா இருவரும் 2000-களில் இதை விரிவாகச் சோதித்தார்கள். அவர்கள் கண்டது முக்கியமானது. போதுமான ஸ்க்ரூ இருந்தால் கீறல் தோன்றினாலும் விரிவதில்லை. போல்ட்கள் தொடர்ந்து சுமை தாங்கி, மரம் நசுங்கி, போல்ட் வளையும்வரை போகின்றன. அதாவது யோஹான்சென் கணக்கின் எதிர்பார்ப்பு நிறைவேறுகிறது. அப்படி வலுவூட்டிய வரிசையில் நான்கு போல்ட்டை நான்காகவே எண்ணலாம் என்று ஜெர்மனியின் தேசிய விதிகள் அனுமதிக்கின்றன. முன்பு சொன்ன 2.74-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 46 சதவீத ஏற்றம், சில ஸ்க்ரூக்களால்.

ஸ்க்ரூவுக்கு எவ்வளவு விசை வரும்? வெட்டுத் தளம் (மரமும் தகடும் சந்தித்து, போல்ட்டை வெட்டப் பார்க்கும் இடம்) ஒன்றில் ஒரு போல்ட் கடத்தும் சுமையில் சுமார் 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஓர் உதாரணம் போடுவோம். நடுத்தகடு உள்ள மூட்டில் ஒரு போல்ட் மொத்தம் 40 கிலோநியூட்டன் கடத்துகிறது. அது கிட்டத்தட்ட 4 டன் எடைக்குச் சமம். தகட்டின் இரு பக்கமும் சேர்த்து இரண்டு வெட்டுத் தளம். ஒவ்வொன்றிலும் 20. அதில் 30 சதவீதம், 6 கிலோநியூட்டன். ஆக தகட்டின் இருபுறமும் உள்ள மரத்தில் ஆளுக்கொரு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் 6 கிலோநியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும்.

8 மி.மீ. ஸ்க்ரூ போல்ட் வரிசைக்கு மேலே 150 மி.மீ., கீழே 150 மி.மீ. மரத்தில் பற்றியிருக்கிறது என்போம். மரை பிடிக்கும் வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் என்று கொண்டால், 8, 150, 10 மூன்றையும் பெருக்க 12 கிலோநியூட்டன் வருகிறது. சுமை நீடிக்கும் காலத்துக்காக 0.8-ஆல் பெருக்கி, பாதுகாப்புக்காக 1.3-ஆல் வகுத்தால் சுமார் 7.4. தேவை 6, போதும். உண்மையான கட்டடத்துக்கு அந்த ஸ்க்ரூவின் தொழில்நுட்பச் சான்றிதழில் உள்ள மதிப்பைத்தான் போட வேண்டும்.

இந்தக் கணக்கில் தொடக்கநிலையினர் கவனிக்காமல் விடும் ஓர் இடம் உண்டு. கீறலின் இருபுறத்தில் எந்தப் பக்கம் பிடிப்பு குறைவோ, அந்தப் பக்கம்தான் கணக்கு. போல்ட் வரிசை உத்தரத்தின் அடிவிளிம்பிலிருந்து 70 மி.மீ. தூரத்தில் இருந்தால், மேலே அரை மீட்டர் மரை பற்றியிருந்தாலும் பயன் கிடையாது. கீழே உள்ள 70 மி.மீ. பிடி விட்டால் எல்லாம் விட்டது. விளிம்போரப் போல்ட்களுக்கு ஸ்க்ரூவின் நீளத்தைக் கூட்டுவது பயன் தராது.

இடமும் முக்கியம். ஸ்க்ரூ போல்ட்டுக்குப் பக்கத்தில், போல்ட் மரத்தைத் தள்ளும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கீறல் பிறப்பது அங்கே. தூரமாகப் போட்டால் கீறல் பிறந்து கொஞ்ச தூரம் ஓடிய பிறகே ஸ்க்ரூ அதைச் சந்திக்கும். ஆனால் நீண்ட ஸ்க்ரூ இறங்கும்போது நாரோடு இழுபட்டுத் திசை மாறும் குணம் உடையது. அது போல்ட் துளைக்குள் நுழைந்தால் பிடிப்பு போகும். துளை பின்னால் போடப்பட்டால், துளையிடும் பிட் கடினப்படுத்திய எஃகில் மோதும். அதனால் நீளமான ஸ்க்ரூவுக்கு முதலில் மெல்லிய வழித்துளை போட்டு இறக்குவது நல்லது. முறுக்குவிசையை மீறித் திருப்பினால் ஸ்க்ரூ உள்ளேயே முறியும். முறிந்த ஸ்க்ரூவின் தலை மேலே ஒழுங்காகத் தெரியும், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

வேறு வழிகள்

ஸ்க்ரூ வருவதற்கு முன்பிருந்தே மரையுள்ள எஃகுக் கம்பியை எபாக்ஸி அல்லது பாலியுரீத்தேன் பசையால் துளைக்குள் ஒட்டும் முறை இருக்கிறது. மிகவும் பலமானது. ஆனால் பசை முழுதாக நிரம்பியதா என்று பிறகு பார்க்க வழியில்லை. வேலை நடக்கும்போது வெப்பநிலை, ஈரம், தூசு எல்லாவற்றையும் காக்க வேண்டும். தொழிற்சாலையில் செய்வதானால் சரி.

ப்ளைவுட்டையோ குறுக்கடுக்கு எல்.வி.எல்.லையோ கட்டையின் பக்கங்களில் ஒட்டுவது மற்றொரு வழி. அவற்றில் குறுக்கே ஓடும் நார் இருப்பதால் கீறலைத் தடுக்கும். போல்ட் நசுக்கும் இடத்தையும் பலப்படுத்தும். சி.எல்.டி.யில் குறுக்கு அடுக்குகள் பிறவியிலேயே இருப்பதால் அதில் போல்ட் போடும்போது பிளவு இந்த அளவுக்குப் பிரச்சினை ஆவதில்லை. பல்லுள்ள வட்டத் தகடுகளை மூட்டின் இடையில் அமுக்கி, சுமையைப் பரந்த இடத்துக்குப் பகிர்வது பழைய முறை, இன்றும் பயன்படுகிறது.

தொங்கும் சுமை

உத்தரத்தின் அடியில் போல்ட் போட்டு ஒரு பாரத்தைத் தொங்கவிடுவது எளிதாகத் தெரியும். போல்ட்டுக்குக் கீழுள்ள மரத்தை மேலுள்ள மரத்திலிருந்து பிரித்து இழுக்கும் செயல் அது. 160 மி.மீ. அகலம், 600 மி.மீ. உயரம் உள்ள உத்தரத்தில், அடிவிளிம்பிலிருந்து மிகத் தள்ளியுள்ள போல்ட் 200 மி.மீ. உயரத்தில் இருந்தால் யூரோகோடு சூத்திரம் தரும் பிளவுத் தாங்குதிறன் சுமார் 39 கிலோநியூட்டன். அதே போல்ட்டை 420 மி.மீ. உயரத்துக்கு ஏற்றினால் 84. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் இரண்டு மடங்குக்கு மேல். ஏற்ற முடியாத இடத்தில்தான் கீழிருந்து மேலாக முழுமரை ஸ்க்ரூ தேவை. அதுவும் போல்ட்டைத் தாண்டி மேலே நன்றாக ஏறியிருக்க வேண்டும்.

மரம் சுருங்கும், எஃகு சுருங்காது

சுமையே இல்லாமலும் மூட்டு பிளக்கலாம். குளுலாம் சுமார் 12 சதவீத ஈரத்தோடு தொழிற்சாலையை விட்டு வருகிறது. சூடேற்றிய கட்டடத்துக்குள் அது 8 சதவீதத்துக்கு இறங்கலாம். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் நாருக்குக் குறுக்கே ஏறத்தாழ 0.25 சதவீதம் சுருங்கும். உயரம் ஒரு மீட்டர் என்றால் மொத்தம் 10 மி.மீ. அதே உயரத்துக்கு ஒரே எஃகுத் தகட்டை வைத்து மேலும் கீழும் போல்ட்டால் பூட்டினால், தகடு சுருங்காது, மரம் சுருங்கும், நடுவில் பிளக்கும்.

இதற்கு ஸ்க்ரூ முழுத் தீர்வாகாது. வெகு உயரத்துக்கு இறக்கிய ஸ்க்ரூவும் எஃகுதான், அதுவும் சுருக்கத்தைத் தடுக்கும். முதல் தீர்வு மூட்டைச் சிறிதாக்குவது: ஒரு பெரிய தகடுக்குப் பதில் இரண்டு சிறிய தகடுகள், அல்லது தகட்டில் செங்குத்தாக நீண்ட துளைகள், அல்லது போல்ட் கூட்டத்தை உயரத்தில் நெருக்கமாக வைப்பது. மரம் தன் இடத்தின் ஈரத்துக்குப் பழகிய பிறகு, தேவைப்பட்டால் நட்களை மீண்டும் முடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. கட்டி முடித்துச் சாவி கொடுத்ததும் எல்லாரும் மறந்துவிடும் வேலை இது.

ஸ்க்ரூ எதைச் செய்யாது

துளைகளால் இளைத்த குறுக்குவெட்டு முறிவதை அது தடுக்காது. பாலெருப் வகைத் தவறுக்கு அது மருந்தாகாது. கட்டியாகப் பெயரும் முறிவுக்கும் தனியாகக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். போல்ட்டே போதாத மூட்டை ஸ்க்ரூ போட்டுச் சரிசெய்ய முடியாது. பெர்கோலோ விழுந்த பிறகு நார்வேயில் மரப் பாலங்கள் மறுபடி சோதிக்கப்பட்டன. அவற்றுள் டிரெட்டனும் ஒன்று. எந்த முறிவு வகையைத் தேடுகிறோமோ அதுதான் கணக்கில் தெரியும். பிளவு, வரிசை சறுக்கல், கட்டி பெயர்தல், இளைத்த வெட்டு, நசுங்கல், வளைவு எல்லாவற்றையும் தனித்தனியே பார்த்து, அவற்றில் மெதுவாக நடக்கும் நசுங்கலும் வளைவும் முதலில் வரும்படி அமைப்பதே வலுவூட்டலின் குறிக்கோள்.

ஏற்கெனவே பிளந்த மூட்டு

முழுமரை ஸ்க்ரூவின் பெரிய வரம், நிற்கிற கட்டடத்திலும் மூட்டைக் கழற்றாமல் போடலாம் என்பதுதான். ஆனால் ஸ்க்ரூ இறங்கியதும் கீறல் மூடிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். முழுநீளமும் மரை இருப்பதால் அது இரு பாதிகளையும் இருந்த இடைவெளியோடு அப்படியே பிடித்துக்கொள்ளும். மூட வேண்டுமானால் முதலில் இறுக்கி வைத்துப் பிறகு ஸ்க்ரூ போட வேண்டும், தேவைப்பட்டால் கீறலில் எபாக்ஸி செலுத்த வேண்டும்.

அதற்கும் முன்னால் முட்டுக் கொடுத்து மூட்டின் சுமையை இறக்குவது அவசியம். சுமை இருக்கும்போதே ஸ்க்ரூ போட்டால், ஏற்கெனவே உள்ள விசையில் அது பங்கெடுக்காது, இனி வரும் சுமைக்கு மட்டுமே வேலை செய்யும். கீறலின் ஆழத்தை மெல்லிய அளவுத்தகடு விட்டு இருபுறமும் அளந்து, உள்ளே இருக்கும் தகடுகளும் போல்ட்களும் எங்கே என்று பழைய வரைபடத்தில் குறித்துக்கொண்டு, மரத்தின் ஈரத்தையும் அளந்த பிறகே துளையிடும் கருவியை எடுக்க வேண்டும்.